என்ன சொல்லிக் கூட்டியாந்தாக?

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் டாக்டர் அனுசியா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே கேட்பாள், நடந்துகொண்டே பேசுவாள், மருந்து எழுத மட்டும் மேசைமேல் குனிவாள். வருகிறவர்கள் அந்த நாற்காலியில் மஞ்சப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொள்வார்கள்.

“நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் ராமேஸ்வரம் போய்ட்டுத் திரும்பியிருக்கலாம் மேடம்,” என்பாள் நர்ஸ் தங்கச்செல்வி.

“உக்காந்தா காலுக்குள்ள எறும்பு ஊருதுடி.”

புதிதாக யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பேர் கேட்பதற்கு முன்னால், ஊர் கேட்பதற்கு முன்னால், நோயாளியின் கண்ணைப் பார்த்துக் கேட்பாள். “என்ன சொல்லிக் கூட்டியாந்தாக?”

கல்யாண வீட்டுக்குன்னு சொன்னாக. ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கன்னு சொன்னாக. தம்பிக்குப் பொண்ணு பாக்கன்னு சொன்னாக. மல்லாங்கிணற்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கையில் புது மூக்கணாங்கயிறோடு உட்கார்ந்திருந்தார். மாடு வாங்கப் போறோம் என்று சொல்லி மகன்கள் கூட்டி வந்திருந்தார்கள்.

அனுசியா கூட வந்தவர்களை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு நோயாளியிடம் சொல்வாள். “அது பொய். நான் மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரு. இந்த ரூமுக்குள்ள இனிமே யாரும் உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.”

உறவுக்காரர்களுக்கு இது பிடிக்காது. “உண்மையச் சொன்னா எவன் வருவான் டாக்டரம்மா?” என்று சண்டைக்கு வருவார்கள். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்துவிடட்டுமா என்று கேட்பார்கள். கூடாது என்பாள். தெரிந்துதான் சாப்பிட வேண்டும், நான் பேசுகிறேன் என்பாள். அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை மறுபடி மறுபடி பேசுவாள்.

இந்தக் கேள்வி அவளுக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைத்ததில்லை. அவள் அப்பாவும் அம்மாவும் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் புஞ்சையில் மிளகாய் பறித்தவர்கள். சித்தி அமுதவள்ளிக்கு மனசு சரியில்லாமல் போனபோது, அருப்புக்கோட்டையில் ஜவுளி எடுக்கப் போறோம், உனக்கு ரோஸ் கலர் சேலை என்று சொல்லிப் பஸ் ஏற்றினார்கள். கொண்டுபோய் விட்டது கடற்கரைப் பக்கம், சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிற இடம் ஒன்றில். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்த சித்தி சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கால் தழும்பைக் காட்டி அழவும் இல்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், “ரோஸ் கலருன்னு சொன்னாகளே, எங்க?” என்று மட்டும் கேட்பாள். சாகும்வரை கேட்டாள்.

டாக்டருக்குப் படித்து மேல்படிப்புக்கு மனநலத்தை எடுத்தபோது, “ஊருல எம்புட்டு நோவு கெடக்கு, உனக்கு இதுதானா கெடச்சுச்சு? பைத்தியக்கார டாக்டருன்னு சொன்னா எவன்டி கட்டுவான்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டினார் ஒருவர். மதுரையில் பேங்க் வேலை. வீடும் மதுரையிலேயே அமைந்தது. அனுசியா இருபது வருஷமாக விடிகாலையில் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி இருட்டியபின் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். மாற்றலுக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்து இரண்டு முறையும் அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்தத் தை மாதம் மூன்றாவது முறை எழுதினாள். மதுரை மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. இந்த முறை திரும்ப வாங்கவில்லை. நோயாளிகளிடம் சொல்லவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சமாதானம்தான் சில நாளாக அவளை ஜன்னலுக்கும் கதவுக்கும் இன்னும் வேகமாக விரட்டிக்கொண்டிருந்தது.

அன்று பங்குனி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஆலடிப்பொட்டல் சங்கரம்மாள் வந்திருந்தாள். தன் மகனுக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவள். இந்த முறை இரண்டு நோயாளி அட்டைகளை நீட்டினாள்.

“இது நம்ம குருவம்மாளோடது தாயி. அவளுக்கும் சேத்துக் குடுத்துருங்க.”

“அவ ஏன் வரல?”

“காப்புக் கட்டியிருக்கால்ல. காளியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். காப்புக் கட்டுனவ பொங்கல் முடியிறமுட்டும் ஊரு எல்லையத் தாண்டலாமா? இன்னைக்குச் சாயங்காலம் தீச்சட்டி எடுக்குறா.”

குருவம்மாளை அனுசியாவுக்கு நன்றாகத் தெரியும். நோய் முற்றிய காலத்தில் வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ்ஸை நடுரோட்டில் மறித்து, டிரைவரை இறங்கச் சொல்லி, தானே ஓட்டப்போனவள். இப்போது ஆறு வருஷமாக ஒரு கோளாறும் இல்லை. மில்லுக்குப் போகிறாள், கோழி வளர்க்கிறாள், புருஷனைக் கேலி பேசுகிறாள்.

“மாத்திரையெல்லாம் விடாம போடுறாளா?”

“அத ஏன் கேக்குறீக! ஒரு நேரந்தான் சோறு. அதுலயும் உப்பில்லாத விரதம். தண்ணிகூட அளந்துதான் குடிக்கிறா. ஆனா மாத்திரைய மட்டும் ஒரு வேள தப்ப மாட்டேங்கிறா. டாக்டரம்மா சொல்லு சாமி சொல்லு மாதிரின்றா.”

அனுசியாவுக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. “சாமிக்கு அடுத்த எடமா எனக்கு?”

“அடுத்த எடம் என்ன, விரதமே உங்களுக்குத்தான!” என்றாள் சங்கரம்மாள். “உங்கள மதுரைக்கு மாத்தப்போறாகன்னு யாரோ சொன்னாகளாம். அது நடக்கக் கூடாதுன்னு நேந்துருக்கா. ஆத்தாளும் ஏத்துக்கிட்டா போல. முந்தாநேத்துலருந்து அவளுக்கு அருளு. இன்னும் சட்டியே தூக்கல, அதுக்குள்ள கை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது.”

அனுசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கடைசி வார்த்தைகள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. மாத்தப்போறாக என்ற சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என்னை யாரும் மாத்தவில்லை, நானாகத்தான் கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்து வந்தது வீரசோழன் ஜெய்னம்பு பீவி. அவளுக்கும் குருவம்மாளுக்கும் ஒரே மாத்திரைதான். நோன்பு மாதம். வருஷாவருஷம் நோன்புக்கு முன்னாலேயே ஜெய்னம்பு வந்து எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவாள்.

“நீங்க சொன்ன மாதிரிதாம்மா. விடியுமுன்ன சஹருக்குத் தண்ணி நெறையக் குடிக்கிறேன். நோம்பு தொறக்கவும் கஞ்சியில உப்பக் கொறைக்கிறதில்ல. பேத்திகூடச் சொல்லுறா, நன்னியம்மா கஞ்சி உப்புக் கரிக்குதுன்னு…”

மருந்து எழுதிக்கொண்டிருந்த அனுசியாவின் பேனா நின்றது.

உப்பு.

அந்த மாத்திரையே ஒரு வகை உப்புதான். உடம்பில் சோற்றுப்பு குறைந்தால், சிறுநீரகம் அந்த மருந்தைச் சோற்றுப்பு என்று நினைத்து வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வேளை தப்பாமல் போடப்போட உடம்பில் ஏறிக்கொண்டே போகும். முதலில் கை நடுங்கும்.

கை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது.

“தங்கம்! அந்தச் சங்கரம்மாளப் பிடி! பஸ் ஏறியிருப்பா, ஓடு!”

ஜெய்னம்புவிடம் நோன்பைப் பற்றி வருஷாவருஷம் கேட்கத் தெரிந்தது. அது தெரியாத ஊர், தெரியாத வழக்கம், அதனால் கேட்டாள். காப்பும் விரதமும் அவள் பிறந்து வளர்ந்த ஊரில் உள்ளது. அவள் அம்மாவே உப்பில்லாச் சோறு தின்று தீச்சட்டி எடுத்தவள். எல்லாம் தெரியும் என்பதால் ஒரு வருஷம்கூட, ஒருத்தியிடம்கூட அவள் கேட்டதில்லை.

குருவம்மாளின் புருஷன் மருதுபாண்டிக்குப் போன் போட்டாள். எடுத்தான். உறுமிச் சத்தம் மட்டும் கேட்டது. “மாத்திரையக் குடுக்காதீக! உப்புத்தண்ணி குடுங்க!” என்று அனுசியா கத்தினாள். “ஆமாமா, வாங்க, கூட்டமாத்தான் இருக்கு!” என்று அவன் பதிலுக்குக் கத்திவிட்டு வைத்துவிட்டான். ஆம்புலன்ஸ் நாலுவழிச் சாலையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அனுசியா காத்திருக்கவில்லை. வாசலில் நின்ற பொன்னுச்சாமியின் ஆட்டோவில், உப்புச்சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து இழுத்து வரப்பட்ட சங்கரம்மாளும் ஏறினாள்.

“என்ன தாயி, சட்டி பாக்கவா வாரீக?”

“குருவம்மாளுக்கு வந்திருக்கிறது அருளு இல்ல. மருந்து ஏறிப்போச்சு.”

சங்கரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறிது தூரம் போனதும், “ரெண்டுமா இருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை, நடுநடுவே கரிமூட்டத்துப் புகை, உலர்த்தப் போட்ட மிளகாய். அனுசியா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றாள்.

“உக்காருங்கம்மா, நீங்க நின்னா வண்டி வேகமாவா போகப்போகுது?” என்றான் பொன்னுச்சாமி.

“பேசாம ஓட்டுப்பா.”

ஆலடிப்பொட்டல் காளியம்மன் கோயில் முன்னால் பந்தல். நடுவில் மஞ்சள் சேலையில் குருவம்மாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கை நடுக்கத்தில் வேப்பிலைக் கொத்து தானாக ஆடியது. கால் நிலைகொள்ளவில்லை. எதிரே ஆட்கள் வரிசையில் நின்று குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எம் மகன் லோனு கெடைக்குமா ஆத்தா?”

குருவம்மாள் குழறினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“கெடைக்குமுன்றா! வெள்ளிக்கெழம போகச் சொல்லுறா!” என்று பக்கத்தில் நின்றவள் எடுத்துச் சொன்னாள்.

அனுசியா வரிசையைப் பிளந்துகொண்டு போனாள். “டாக்டரம்மா வந்துட்டாக! ஆத்தா இழுத்துட்டு வந்துட்டா பாரு!” என்று கூட்டம் குலவை போட்டது. அவள் குருவம்மாளின் நாடியைப் பிடித்தாள். நாக்கு வறண்டு கிடந்தது.

“குருவம்மா, என்னையத் தெரியுதா? வாந்தி எடுத்தியா? வயித்தால போகுதா?”

கூட்டம் அதிர்ந்துபோனது. “ஏத்தா, சாமிகிட்டக் கேக்குற கேள்வியா இது?” என்றது ஒரு குரல்.

“நேத்துலருந்து வயித்தால போகுதுதான்,” என்றான் மருதுபாண்டி மெதுவாக. எதையும் மறைக்கத் தெரியாத மனிதன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். “விரதத்துல ஆகாததத் தின்னுட்டியான்னு நான்கூடத் திட்டுனேன்.”

பூசாரி உக்கிரபாண்டி முன்னால் வந்தார். “இந்தாங்க டாக்டரம்மா, உங்க ஆஸ்பத்திரியில உங்க சொல்லு நடக்கும். இது ஆத்தா எடம். காப்புக் கட்டுன பிள்ளைய எல்ல தாண்ட விடமாட்டேன்.”

அருளே கிடையாது என்று அனுசியா அவரிடம் வாதாடியிருக்கலாம். அதற்கு நேரம் இல்லை. “வந்திருக்கிறது ஆத்தாவாவே இருக்கட்டும் பூசாரி. ஆத்தா எறங்கி நிக்க ஒரு ஒடம்பு வேணுமில்ல? அந்த ஒடம்பு இப்பப் போயிட்டிருக்கு. பொழுது சாயமுன்ன வலிப்பு வரும். நாளைக்கு இந்தப் பிள்ள இருக்காது. அப்புறம் ஆத்தா எங்க நிப்பா?”

உக்கிரபாண்டி குருவம்மாளை உற்றுப் பார்த்தார். எத்தனையோ அருளைப் பார்த்த கண். “நானும் காலையிலருந்து பாக்குறேன்,” என்று முணுமுணுத்தார். “ஆத்தா வந்தா கண்ணுல ஒரு வெறப்பு இருக்கும். இதுல அது இல்ல.” பிறகு குரலை உயர்த்தினார். “காப்ப வீட்டு ஆளு வாங்கிக் கட்டலாம். தீட்டுப்பட்டா அப்பிடித்தான மாத்துறோம். யாரு வாங்குறா?”

“நான் வாங்குறேன்,” என்றான் மருதுபாண்டி. உடனே தயங்கினான். “நேத்துப் புரோட்டா தின்னுட்டேனே.”

“சால்னாவோடயா?”

“ஆமா.”

“ஆத்தா மன்னிப்பா. போயி தலைக்கு ஊத்திட்டு வா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் குருவம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். காப்பை இன்னொரு கையால் பொத்தி மார்போடு சேர்த்துக்கொண்டாள். நாக்குக் குழறினாலும் இந்த முறை சொன்னது எல்லாருக்கும் விளங்கியது.

“அவுக்க மாட்டேன். அவுத்தா நீங்க போயிருவீக.”

அவளைத் தூக்கிப் போகலாம். நாலு பேர் பிடித்தால் முடியும். பஸ்ஸை மறித்த நாளில் அப்படித்தான் கயிற்றால் கட்டித் தூக்கி வந்தார்கள். அந்த முதல் நாள் அனுசியா கயிற்றை அவிழ்த்து, இனி உன்னை யாரும் கட்ட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

“நான் எங்கயும் போகல குருவம்மா.”

“மதுரைக்கு?”

“போக மாட்டேன்.”

“ஆத்தா மேல?”

அனுசியா கோயிலைப் பார்க்கவில்லை. குருவம்மாளின் ஆடும் கையை மட்டும் பார்த்தாள். “ஆத்தா மேல சத்தியமா,” என்றாள்.

காப்பு கை மாறியது. தலையில் தண்ணீர் சொட்டச்சொட்ட நின்ற மருதுபாண்டியின் மணிக்கட்டில் பூசாரி அதைக் கட்டினார். இப்போது அவனால் எல்லை தாண்ட முடியாது. ஆட்டோ வரை வந்து பெண்டாட்டியின் காலை எடுத்து உள்ளே வைத்தான். “அவளப் பாத்துக்கோங்க டாக்டரம்மா. நீங்க இருப்பீகங்கிற நம்பிக்கையிலதான் நான் சட்டி எடுக்குறேன்,” என்றான்.

வழி முழுக்கக் குருவம்மாளின் தலை அனுசியாவின் மடியில் கிடந்தது. சங்கரம்மாள் உப்புச்சர்க்கரைத் தண்ணீரை வாயில் சொட்டுச்சொட்டாக விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி டாக்டரின் சேலையில் வழிந்தது. நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் அனுசியா அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். இரத்தம் மதுரைக்குப் போய், மருந்து அளவுக்கு மேல் ஏறியிருப்பதாக முடிவு வந்தது. தங்கச்செல்வி அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். மெல்லக் கை நடுக்கம் குறைந்தது, நாக்கு நேரானது, தூக்கம் தூக்கமாக வந்தது.

அந்த வாரமே மாற்றல் உத்தரவும் வந்தது. அனுசியாவின் கணவர் போனில், “இந்தத் தடவையாவது வந்துரு,” என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருபது வருஷமாக இரவுச் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்த குரல் அது. அவள் போகத்தான் போகிறாள். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் வார்டுக்குள் போக முடியவில்லை. வாசல்வரை போய் வேறு யாரையோ பார்க்கத் திரும்பிவிடுவாள். கேஸ் சீட்டை வெளியே கொண்டுவரச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“குருவம்மா உங்களத்தான் கேக்குறா மேடம்,” என்றாள் தங்கச்செல்வி. “எங்க போனாகன்றா.”

குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கஞ்சித் தட்டு. முகம் தெளிந்திருந்தது. அனுசியா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நின்ற இடத்திலேயே இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினாள்.

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல டாக்டரம்மா. பந்தல்ல நின்னது தெரியுது. அப்புறம் இங்க கெடக்கேன். காப்பையும் காணோம்.” அவள் வெறும் மணிக்கட்டைத் தடவினாள். “நான் லேசுல வந்துருக்க மாட்டேனே. என்ன சொல்லிக் கூட்டியாந்தீக?”

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். உனக்கு மருந்து ஏறிப்போச்சுன்னு சொல்லிக் கூட்டி வந்தேன் என்று சொல்லிவிடலாம். அதுவும் முழுப் பொய்யில்லை. சங்கரம்மாள் எப்படியும் ஒருநாள் சொல்லிவிடுவாள், ஆனால் அதற்குள் அனுசியா மதுரையில் இருப்பாள்.

ரோஸ் கலருன்னு சொன்னாகளே, எங்க?

“நான் மதுரைக்குப் போக மாட்டேன்னு சொல்லிக் கூட்டியாந்தேன்,” என்றாள் அனுசியா. “ஆத்தா மேல சத்தியம் பண்ணேன். அது பொய், குருவம்மா. அடுத்த வாரம் போறேன். யாரும் என்னைய மாத்தல. நானாத்தான் எழுதிக் கேட்டேன்.”

குருவம்மாள் கஞ்சித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் தப்பு பண்ணிட்டேன். உப்பக் கொறைக்கக் கூடாதுன்னு விரதத்துக்கு முன்னயே நான் உனக்குச் சொல்லியிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்.”

“அப்ப எம் புருசன் சட்டி தூக்குனது?”

“அவருக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“ஆத்தாளுக்கு?”

“ஆத்தாளுக்கும்தான். ஆனா உம் புருசன நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. அனுசியா போகவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை. ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். கீழே வீரசோழன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மறுபடி ஜன்னல்வரை போனாள்.

“சும்மா நடக்காதீக, தல சுத்துது,” என்றாள் குருவம்மாள் சுவரைப் பார்த்தபடி.

அனுசியா நின்றாள்.

“புதுசா வாரவுககிட்ட எங்க எல்லாரப் பத்தியும் சொல்லிட்டுப் போவீகளா?”

“ஒவ்வொருத்தரப் பத்தியும்.”

“விரதத்தக் கேக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

குருவம்மாள் திரும்பாமலே தட்டைப் பின்னால் தள்ளினாள்.

“கஞ்சியில உப்பு பத்தல.”

அனுசியா தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். உப்புப் போட்டு, விரலால் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். வார்டுக்குத் திரும்பி வந்தபோது குருவம்மாள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்திருந்தாள். ஓரமாக ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.